பின்னால் பார்

காலை ஆறேகால், பிடோக் நார்த்.
புளோக்கின் கீழ்த்தளத்தில்
நேற்றைய இழவுக்குப் போட்ட நாற்காலிகள்
இன்னும் அடுக்கப்படவில்லை.
அவற்றை ஓரம் தள்ளிவிட்டுப்
பதினோரு பேர் நிற்கிறார்கள்.
பன்னிரண்டாவது நான்,
கடைசியில், தூணுக்குப் பக்கம்.

ஆசான் என்று யாரும் இல்லை.
சக்கரம் வைத்த சந்தைப் பையின் மேல்
கைப்பிடி அளவு ஒலிபெருக்கி.
அதற்குள் ஒரு பெண்
மூச்சை இழு என்கிறாளோ, விடு என்கிறாளோ.
பத்து வருடம் பஸ் ஓட்டி நான் கற்ற மாண்டரின்
ஒரே ஒரு வாக்கியம்:
இந்த பஸ் அங்கே போகாது.
மற்றதற்கெல்லாம்
முன்னால் நிற்கும் மேடம் குவீயின் முழங்கைதான்
எனக்கு அகராதி.

இரண்டு கையாலும் வானத்தைத் தாங்கு.
தாங்குகிறேன்.
வானத்துக்கும் எனக்கும் நடுவே பன்னிரண்டு மாடி.
ஏழாவதில் என் சமையலறை,
மூடாமல் விட்ட ரசம்.
அதையும் சேர்த்து.

வில்லை வளை. கழுகைக் குறி பார்.
வலது கை நடுங்குகிறது.
இந்தக் கைதான்.

மூன்று மாதம்.
மழை, நிறுத்தம், வண்டியை வலப்பக்கம் எடுத்தேன்.
சாப்பாட்டுப் பையோடு ஒரு சைக்கிள் பையன்.
தோள் எலும்பு மட்டும்தான் என்றார்கள்.
என் மேல் தவறில்லை என்று
முத்திரையோடு கடிதம் வந்தது.
கை அந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை போலும்.

பாலிகிளினிக்கில் மாத்திரை தந்தார்கள்.
ஆலோசகர், பயத்துக்கு ஒரு நிறம் சொல்லுங்கள் என்றார்.
டயர் நிறம் என்றேன்.
எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமைகளில் ஓசைகள்.
உறுப்புக்கு ஒன்று.
மேடம் குவீ தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டுவாள்.
ஈரலில் கோபம்: ஷ்ஷ்ஷூ.
சன்னலில் காக்காய் விரட்டும் சத்தம்.
நுரையீரலில் துக்கம்: ஸ்ஸ்ஸ்.
பச்சைமிளகாய் கடித்துவிட்டால் வருமே, அது.
பயத்துக்கு, முதுகுக்குக் கீழே, சிறுநீரகத்தில்:
ச்சூவேய், சூடான காப்பியை ஊதுவதுபோல்.
எனக்கு இது புதிது.
நம் பேச்சில் பயம் வந்தால்
வயிற்றில்தானே புளியைக் கரைக்கும்?
ஒருவேளை நான் இத்தனை நாள்
தப்பான இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நான்காவது அசைவுதான் எனக்கு ஆகாதது.
நின்ற இடத்தில் கழுத்தைத் திருப்பிப்
பின்னால் பார்.
ஐந்து களைப்பும் ஏழு காயமும் தீருமாம்.
எந்த ஏழு என்று கேட்டேன்.
அதிகச் சாப்பாடு, அதிகக் கோபம்,
ஈரத்தில் உட்கார்வது, குளிர், கவலை,
மழைக்காற்று, பயம்.
கண்ணாடியைப் பார்க்காமல் விட்டது
பட்டியலில் இல்லை.
பார்த்தேன்.
பார்த்தேன் என்றுதான் சொன்னேன்.

இன்று எல்லாரும் திரும்பினார்கள்.
பதினோரு முகம், மெதுவாக,
கண் சிமிட்டாமல்
என் மேல் வந்து நின்றன.
விசாரணை அறையில் மூன்றே பேர் இருந்தார்கள்.
நானும் திரும்பவேண்டும்.
என் பின்னால் யார்?
சைக்கிள் பூட்டும் கம்பி.
ஒரு துருப்பிடித்த பெரியது,
பக்கச்சக்கரம் வைத்த ஒரு குட்டி,
அதன் மணியில் நேற்றைய மழை.
பார்த்தேன்.
ஒலிபெருக்கிப் பெண் எண்ணி முடிக்கும்வரை
பார்த்தேன்.

கடைசியில் குதிகாலை உயர்த்தி, விட்டு,
ஏழு முறை.
தரை லேசாக அதிர்ந்தது.
எதுவும் உதிரவில்லை, வியர்வையைத் தவிர.

நாற்காலி அடுக்கும்போது மேடம் குவீ சொன்னாள்:
நாளைக்கு நீ என் முன்னால் நில்லு லா,
உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்து
எனக்குக் கழுத்து சுளுக்கிவிட்டது.

முன் வரிசையா? நானா?
எனக்குத் தெரிந்த மாண்டரினில் பதில் சொன்னேன்.
இந்த பஸ் அங்கே போகாது.

அவள் சிரித்த சிரிப்பில்
ஒரு நாற்காலி கைதவறி விழுந்தது.
நான்தான் எடுத்தேன்,
வலது கையால்.